நிலநடுக்கமும் நெஞ்சின் நடுக்கமும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் மொழி. அஞ்சிய மனம் இல்லாததையும் கண்டு நடுங்கும் என்பது இதன் கருத்து. இஃது யாவரும் அறிந்ததே. ஆயினும், அஞ்சிய மனம் ஏன் அவ்வாறு காண்கிறது, கண்டதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஏன் சொல்லுகிறது என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. இயற்கையின் சீற்றத்தால் மக்கள் கலங்கி நின்ற வேளைகளில், அவர்கள் வாயில் உலவிய வதந்திகளைத் தொகுத்து ஆராய்ந்து இதற்கு விடை தேடிய அறிஞர் சிலர் உண்டு. அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்க இருவர் நம் இந்திய நாட்டினர். அவர்களுடைய ஆராய்ச்சி, சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் வேண்டுவது என்பதை என் அனுபவத்தால் உணர்ந்தேன். ஆதலின் அதனை இங்கு எழுதத் துணிகின்றேன்.

ஒரு சனிக்கிழமை

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், சனிக்கிழமை. அப்பொழுது நான் வடபீகாரில் ஒரு ரயில் நிலையத்தில் எழுத்தராக இருந்தேன். முற்பகல் 11 மணி 41 நிமிட அளவில் மேசை மேலிருந்த பேனா உருண்டது. யாரோ மேசையை இடித்துவிட்டார்கள் என்று நிமிர்ந்தேன். கூரையில் தொங்கிய மின்விசிறி ஊஞ்சல்போல் ஆடிற்று. பயணச்சீட்டுக்கு நின்ற வரிசை ஒரு நொடியில் கலைந்து வெளியே ஓடியது, நானும் ஓடினேன். நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் தோன்றிய 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அது என்பதைப் பிறகு அறிந்தோம். நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். பீகாரிலும் பல உயிர்கள் மாண்டன. ஆனால் எங்கள் நிலையத்தில் ஒருவருக்கும் காயமில்லை. சுவரில் ஒரு கீறலும் விழவில்லை.

வியப்பு அதன்பின்தான் தொடங்கிற்று. அன்றிரவு குவார்ட்டர்ஸில் ஒருவரும் வீட்டினுள் உறங்கவில்லை. மைதானத்தில் பாய் விரித்துப் படுத்தோம். நிலம் அசையாதிருக்கும்போதே, “இதோ ஆடுகிறது” என்று பலர் திடுக்கிட்டு எழுந்தனர். நானும் இருமுறை எழுந்தேன். நள்ளிரவுக்குள் கைப்பேசிதோறும் ஒரு செய்தி வந்து சேர்ந்தது: அமெரிக்காவின் நாசா நிறுவனம் கணித்துவிட்டதாம், குறித்த மணிக்கு இதனினும் பெரிய பூகம்பம் வரப்போகிறதாம், அன்றைய நிலவே தலைகீழாகத் தெரிகிறதாம்! நாசா நிறுவனம் பூகம்பத்துக்கு நாள் குறிப்பதில்லை. ஆயினும் படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் அன்று நிலவை அண்ணாந்து பார்த்தோம்.

அந்நேரத்தில் ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “ஏம்ப்பா, பீகாரே மண்ணுக்குள்ள போயிடுச்சாமே! நீ நெசமாவே நல்லா இருக்கியா? மறைக்காம சொல்லு” என்று அழுதார். நான் நலமாக இருப்பதாகக் கூறியும் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. நான் கூறிய ஆறுதலினும் தெருவில் யாரோ கூறிய அழிவே அவருக்கு மெய்யாகத் தோன்றியது.

வீடு இடியாத எங்களிடையே ஏன் இத்தனை பயங்கரமான பேச்சு? ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருந்த தாய்க்கு ஏன் அதனினும் பெரிய பயம்? பின்னாளில் படிக்கும்போதுதான், இதே பீகாரில் இதே கேள்வியை 81 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுப்பியிருந்தார் என்று கண்டேன்.

1934-ஆம் ஆண்டுப் பேரிடர்

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல் 2 மணி 13 நிமிட அளவில் பீகாரையும் நேபாளத்தையும் ஒரு பெரும் பூகம்பம் தாக்கிற்று. அதன் அளவு 8-க்குக் குறையாது என்பது இன்றைய கணிப்பு. அது பிறந்த இடம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்டு சிகரத்துக்குத் தெற்கே உள்ளது. முங்கேர் நகரின் கடைவீதி மண்மேடாயிற்று. முசாபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி, சீதாமரி முதலிய ஊர்கள் பெரிதும் அழிந்தன. இரு நாடுகளிலும் சேர்த்துப் பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

வடபீகாரின் சமவெளியில் மற்றோர் அதிசயமும் நிகழ்ந்தது. தரை பிளந்து, நீரும் மணலும் ஊற்றாகப் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன; விளைநிலங்கள் மணல்வெளியாயின. நீர் ஊறிய மணற்பாங்கான நிலம் வலுவாகக் குலுக்கப்படும்போது மணற்பருக்கைகளின் பிடிப்புத் தளர்ந்து, நிலம் கஞ்சிபோல் குழைந்துவிடுகிறது. அடியிலுள்ள நீர் அழுத்தம் தாங்காது மணலோடு மேலே பாய்கிறது. இதுவே அதன் காரணம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் ஊர் ஊராகச் சென்று இவற்றையெல்லாம் குறித்து, 1939-ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். நிலத்தில் நிகழ்ந்ததை அவர்கள் ஆராய்ந்தனர். மனத்தில் நிகழ்ந்ததை யார் ஆராய்வது?

காரணம் தேடும் மனம்

பேரிடர் நேர்ந்தவுடன் மனிதன் கேட்கும் முதற்கேள்வி, இஃது ஏன் வந்தது என்பதே. இக்கேள்வி எளிய மக்களை மட்டும் பற்றியதன்று. அப்பொழுது மகாத்மா காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே இப்பூகம்பம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார். இதனைக் கேட்ட மகாகவி தாகூர் வருந்தினார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்தியடிகளுக்கு இளைத்தவர் அல்லர். ஆயினும், இயற்கையின் நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் தேடவேண்டும். அறத்தோடு அவற்றைப் பிணைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று மறுப்பு எழுதினார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே பிப்ரவரி 16-ஆம் நாள் வெளியிட்டு, தம் விடையையும் உடன் எழுதினார். பூகம்பத்தின் காரணத்தைப் பற்றியமட்டில் இன்றைய விஞ்ஞானம் தாகூரின் பக்கமே நிற்கிறது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசிய நிலத்தட்டை இடைவிடாது நெருக்குவதால் இமயத்தின் அடியில் சேரும் இறுக்கமே திடீரென வெடித்து நிலநடுக்கமாகிறது. மாற்றுக் கருத்தை மதித்து வெளியிட்ட காந்தியடிகளின் பண்பும், அன்புக்குரியவரை அஞ்சாது மறுத்த தாகூரின் பண்பும் நாம் போற்றற்குரியன.

இரு பெரியோர் மனமும் இவ்வாறு காரணம் தேடியதெனில், தெருவில் நின்ற மக்களின் மனம் வாளாவிருக்குமோ?

வதந்திகளைத் தொகுத்தவர்

ஜமுனா பிரசாத் என்னும் உளவியல் அறிஞர் அந்நாளில் பீகாரில் மக்கள் பேசிய வதந்திகளைப் பொறுமையாகத் தொகுத்தார். “வீண் பேச்சு” என்று பிறர் ஒதுக்கிய சொற்களை அவர் தாளில் குறித்துவைத்தார். அவருடைய கட்டுரை 1935-ஆம் ஆண்டில் பிரிட்டனின் உளவியல் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

அவர் தொகுத்தவற்றுள் சிலவற்றைக் கேளுங்கள். ஜனவரி 18, 19 தேதிகளில் பாட்னாவைக் கடும் புயல் தாக்கப்போகிறது. ஜனவரி 23 கொடிய நாள். சந்திர கிரகணத்தன்று மீண்டும் பெரும் பூகம்பம் வரும். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் விரைந்து வருகிறது. பிப்ரவரி 26 அன்று பிரளயம். கங்கையின் நீர் பூகம்ப வேளையில் மறைந்துபோய், நீராடியவர்கள் மணலில் புதையுண்டார்கள் என்பதும் ஒன்று. நிலத்தடி நீரும் மணலும் பீறிட்டதை மேலே கூறினேன். அவ்வுண்மையின் ஒரு துண்டைப் பற்றிக்கொண்டே இக்கதை வளர்ந்திருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. வதந்தி முழுப்பொய்யாக வருவது அரிது.

எத்தகைய சூழலில் வதந்தி முளைக்கிறது என்பதற்கு அவர் சில நிலைமைகளை வகுத்தார். நிகழ்ச்சி உள்ளத்தைக் கலக்குவதாக இருத்தல் வேண்டும். வழக்கத்துக்கு மாறானதாக இருத்தல் வேண்டும். அதில் மக்கள் அறியாத பகுதிகள் பல இருத்தல் வேண்டும். சரிபார்க்க இயலாத செய்திகள் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு மட்டுமன்றி ஊருக்கே பொதுவான அக்கறை அதில் இருத்தல் வேண்டும். இவ்வைந்தும் கூடுமிடத்தில் வதந்தி பிறக்கிறது. வதந்தி பேசுவோர் மூடர் என்றோ பொய்யர் என்றோ அவர் கூறவில்லை. அறியாத ஒன்றை அறிந்துகொள்ள ஓர் ஊரே கூடி முயலும் முயற்சி பிழைபட்டுப் போவதே வதந்தி என்பதை அவர் ஆராய்ச்சியிலிருந்து நாம் உணர்கிறோம்.

அமெரிக்க அறிஞர் கண்ட புதிர்

1951-ஆம் ஆண்டின் இறுதியில் லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலார் பிரசாத்தின் ஆராய்ச்சியைப் படிக்க நேர்ந்தது. அதில் ஒன்று அவரை உறுத்திற்று. அதிர்ச்சியை வலுவாக உணர்ந்தும் பெருஞ்சேதத்தைக் கண்ணால் காணாத மக்களிடையே இவ்வதந்திகள் பரவியிருந்தன. இன்னும் பெரிய கேடு வரும் என்பதே அவற்றுட் பலவற்றின் கருத்து. துன்பத்திலிருந்து தப்பியவன் ஆறுதல் தரும் பேச்சையன்றோ விரும்புவான்? பயத்தை வளர்க்கும் பேச்சை அவன் ஏன் விரும்பி ஏற்கிறான்?

ஃபெஸ்டிங்கர் சிந்தித்துக் கண்ட விடை இது: அவ்வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை. பயம் முன்னரே அங்கு இருந்தது. நெடுநேரம் ஆடிய நிலம் மக்களின் உள்ளத்தில் பயத்தை விதைத்துவிட்டது. ஆட்டம் நின்ற பின்னும் பயம் நீங்கவில்லை. ஆனால் சுற்றிலும் பார்த்தால் வீடுகள் நிற்கின்றன, பிள்ளைகள் விளையாடுகின்றன. உள்ளம் நடுங்குகிறது, கண்ணோ நடுங்கக் காரணம் இல்லை என்கிறது. இம்முரண்பாட்டை மனத்தால் தாங்க இயலவில்லை. பயத்தை உடனே விரட்டுவது கைகூடாத காரியம்; ஆதலின் பயத்துக்கு ஏற்ற காரணத்தை மனம் தேடிப் பிடிக்கிறது. “வரும் 23-ஆம் தேதி கேடு வரும்” என்ற பேச்சு காதில் விழுந்தவுடன், “நான் நடுங்கியது சரியே” என்று உள்ளம் ஒருவகை அமைதி பெறுகிறது. இந்தச் சிந்தனையே பின்னர் அவர் 1957-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கொள்கைக்கு வித்தாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் உளவியலில் மிகவும் பேசப்பட்ட கொள்கைகளுள் அதுவும் ஒன்று. அதன் தொடக்கம் பீகாரின் தெருப்பேச்சில் இருக்கிறது!

டார்ஜிலிங் மலைச்சரிவு

இவ்விளக்கத்தை ஒப்புநோக்க மற்றோர் ஆராய்ச்சியும் கிடைத்தது. 1950-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டார்ஜிலிங்கில் பெருமழை பெய்து மலை சரிந்தது. வீடுகள் இடிந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன. துர்கானந்த சின்ஹா என்னும் அறிஞர் அங்கு மக்கள் பேசியவற்றைத் தொகுத்து 1952-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னாளில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை வளர்த்துப் புகழ்பெற்ற பேராசிரியர் இவரே.

டார்ஜிலிங் மக்கள் அழிவைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களிடையே நடந்த சேதத்தைச் சற்று மிகைப்படுத்திய பேச்சு இருந்தது. ஆனால், “இதனினும் பெரிய அழிவு இன்ன நாளில் வரும்” என்ற பேச்சு அங்கே எழவில்லை. கண்முன் கிடந்த இடிபாடே அவர்களுடைய பயத்துக்குப் போதிய காரணமாக இருந்தது. புதுக் காரணம் தேடவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

பூகம்பமும் மலைச்சரிவும் ஒன்றல்ல. இடமும் காலமும் வேறு, தொகுத்தவரும் வேறு. ஆதலின் இவ்வொப்பீடு ஒன்றைக்கொண்டே அனைத்தும் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் இஃது ஓர் உண்மையை நமக்குச் சுட்டுகிறது. அழிவின் நடுவில் நிற்பவரைவிட, அதன் அதிர்ச்சி எட்டியும் அழிவு எட்டாத இடத்தில் நிற்பவரே வதந்திக்கு எளிதில் இரையாகலாம்.

ஆடாத நிலம் ஆடுவதேன்?

மைதானத்தில் படுத்திருந்த நாங்கள், நிலம் ஆடாதபோதே ஆடியதாக உணர்ந்தோம் என்றேன். இதுவும் பலர் அறிந்த அனுபவமே. அடிக்கடி பூகம்பத்தைக் காணும் ஜப்பானியர் இதற்கு ‘ஜிஷின் யோய்’ என்று பெயரிட்டுள்ளனர். பூகம்ப மயக்கம் என்று நாம் சொல்லலாம். நம் உட்செவியில் உடலின் சமநிலையை உணர்த்தும் உறுப்பு ஒன்று உண்டு. பெரும் ஆட்டத்தாலும் தொடர்ந்து வரும் சிறு அதிர்வுகளாலும் அவ்வுணர்வு தடுமாறுகிறது. மீண்டும் ஆடுமோ என்ற எதிர்பார்ப்பும் கூடுகிறது. ஆகவே நம்முடைய இரத்த ஓட்டத்தின் துடிப்பும்கூட நிலத்தின் துடிப்பாகத் தோன்றலாம். இது பைத்தியமும் அன்று, பேயும் அன்று. நாளடைவில் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடும்.

நாயும் மாடும் முன்னதாகவே அறிந்துவிடுகின்றன என்று கூறுவோரும் உளர். இதில் ஒரு பகுதி உண்மையே. பூகம்பத்திலிருந்து முதலில் வருவது விரைவான மெல்லலை. பின்னர் வருவது மெதுவான வல்லலை. நூறு கிலோமீட்டர் தொலைவில் இவ்விரண்டுக்கும் இடையே பன்னிரண்டு நொடி அளவு இடைவெளி இருக்கும். மனிதன் கவனியாத மெல்லலையை விலங்கு உணர்ந்து முன்பே கத்தக்கூடும். ஆனால் பல நாட்களுக்கு முன்பே விலங்குகள் அறிகின்றன என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நாய் எல்லா நாளும் குரைக்கிறது. பூகம்பத்துக்கு முந்திய இரவில் குரைத்ததை மட்டும் நாம் பின்னர் நினைவில் வைக்கிறோம்.

சீன நாட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஹைசெங் பகுதியில் பூகம்பம் வருமுன்பே மக்களை வெளியேற்றிப் பல உயிர்களைக் காத்தனர். விலங்குகளின் நடத்தையும் அப்போது பேசப்பட்டது. எனினும், முன்னதாகத் தொடர்ந்து வந்த சிற்றதிர்வுகளே முதன்மையான எச்சரிக்கையாக அமைந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தாங்ஷான் நகரில் அத்தகைய எச்சரிக்கை எதுவுமின்றிப் பூகம்பம் வந்தது. அரசாங்கக் கணக்கின்படியே 2,40,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாளும் நேரமும் குறித்துப் பூகம்பத்தை முன்னுரைக்கும் வித்தையை உலகில் எந்த விஞ்ஞானியும் இன்றளவும் பெற்றிலர்.

வதந்தி கேட்கும் விலை

பயந்த மனத்துக்குக் காரணம் கிடைத்தால் போதும் என்று விட்டுவிடலாமோ? கூடாது. அக்காரணம் சிலவேளை மனித உருவம் எடுத்துவிடும். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ஜப்பானில் டோக்கியோ, யோகோஹாமா நகரங்களைப் பூகம்பமும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த வேளையில், பிழைப்புத் தேடி அங்கு வந்திருந்த கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவிற்று. ஊர்க்காவல் கூட்டங்களும் படையினரும் காவலரும் பல்லாயிரம் கொரியர்களைக் கொன்றனர். பூகம்பம் கொல்லாதவர்களை வதந்தி கொன்றது.

வேற்று மொழி பேசி, வேற்று ஊரில் பிழைப்பவர்கள் இந்நிகழ்ச்சியை ஒருபோதும் மறத்தல் ஆகாது. இன்று நாம் ஆராயாமல் பரப்பும் ஒரு வதந்தி வேறொரு சமூகத்தைப் பற்றியதாக இருக்கலாம். நாளை அது நம்மைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

தொலைவில் இருக்கும் நாம்

இனி நம் செய்திக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் என் தாயார் இருந்த நிலையை அதே ஆண்டு டிசம்பரில் நான் அடைந்தேன். சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. என் தமக்கை குடும்பம் அங்கே இருந்தது, தொலைபேசி கிடைக்கவில்லை. இரண்டு நாட்கள் என் கைப்பேசியில் வந்து குவிந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. ஏரிக்கரை உடைந்தது என்றது ஒன்று. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித் தெருவெள்ளத்தில் நீந்துகின்றன என்றது மற்றொன்று. முதலைகள் எல்லாம் பத்திரமாக உள்ளன என்று பண்ணையார் அறிவித்தும் அப்பேச்சு அடங்கவில்லை. என் தாயாரைப் பார்த்து மனத்துள் நகைத்த நான், அச்செய்திகளை நாலு பேருக்கு அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் என் தமக்கை பேசினார். “நாங்க மாடியில நல்லாத்தான் இருந்தோம், தம்பி. நீ அனுப்பின முதலைச் சேதியப் பார்த்துட்டுத்தான் பிள்ளைங்க ராத்திரியெல்லாம் தூங்கல” என்றார். நான் தலைகுனிந்தேன்.

தொலைவில் வாழும் குடும்பத்தின் நிலை, அதிர்ச்சியை உணர்ந்தும் இடிபாட்டைக் காணாத பாட்னா மக்களின் நிலையே அன்றோ? ஊரின் துன்பம் நம் நெஞ்சை எட்டுகிறது. ஊரின் உண்மை நிலை நம் கண்ணை எட்டுவதில்லை. பயத்துக்கும் காட்சிக்கும் இடையே உள்ள அவ்வெற்றிடத்தை நிரப்பவே வதந்தி வருகிறது. நமக்கு ஊர்மேல் பாசம் மிகுதி என்பதே அதற்கு வாயிலாகிறது.

அரசாங்கமும் தவறுவதுண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கவர்ந்தது. நான்காம் நாளாகிய 30-ஆம் தேதி, மீண்டும் அலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்தது. கடற்கரை மக்கள் திரள்திரளாக ஓடினர், நிவாரணப் பணிகள் நின்றன, அலையோ வரவில்லை. அக்குழப்பத்துக்குப் பின்னர், 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் கடல்சார் தகவல் மையத்தின்கீழ் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது. கடலடியில் பூகம்பம் நேர்ந்த சில நிமிடங்களுக்குள் அளவிட்டு அறிவிக்கும் கருவிகள் இன்று அங்கு உள்ளன.

ஆதலின் எதை நம்புவது, எதை விடுவது என்பதற்கு ஓர் எளிய வேறுபாட்டை நினைவில் வைக்கலாம். புயலையும் பெருமழையையும் வானிலைத் துறை சில நாட்களுக்கு முன்பே கூறமுடியும்; அதனை மதித்து நடத்தல் வேண்டும். சுனாமியைப் பூகம்பத்துக்குப் பின் அறிவிக்க முடியும். அறிவித்தால் கரையைவிட்டு உடனே நீங்குதல் வேண்டும். ஆனால் இன்ன நாள், இன்ன மணிக்குப் பூகம்பம் வரும் என்று யார் பெயரால் செய்தி வந்தாலும் அது பொய். பெரும் பூகம்பத்தின்பின் சிற்றதிர்வுகளும், சிலவேளை வலிய அதிர்வும் தொடரும் என்பது உண்மை. 2015-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 7.3 அளவில் அவ்வாறே வந்தது. ஆனால் அந்நாளை எவரும் முன்னதாகச் சொல்லவில்லை. ஆகவே விரிசல் கண்ட வீட்டில் தங்காதிருப்பது அறிவு. நிலவைப் பார்த்து நடுங்குவது அறிவன்று.

ஊரில் இடர் என்று கேட்டால், உறவினர் ஒருவரோடு ஒருமுறை பேசுங்கள். கிடைக்காவிடில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். நம் சங்கத்து அன்பர்களும் இத்தகைய வேளைகளில் ஒருவரை நியமித்து, உறுதியான செய்தியை மட்டும் எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிவிக்க ஏற்பாடு செய்தால் பெரும்பயன் விளையும். அஞ்சி அழுபவரை நகையாமல், “உன் பயம் இயல்பானதே, ஆனால் அதற்கு நீ கேட்ட காரணம் மெய்யன்று” என்று அருகிருந்து கூறுங்கள். பயத்தை ஏற்று, பொய்யை மறுத்தல் என்னும் இவ்விரண்டையும் ஒருங்கே செய்யலாம் என்பதே அவ்விரு அறிஞரின் ஆராய்ச்சியிலிருந்து நான் கற்ற பாடம்.

இப்பொழுதும் என் தாயார், வடக்கே எங்கே மழை என்றாலும் தொலைபேசியில் அழைக்கிறார். முன்புபோல் நான் சலித்துக்கொள்வதில்லை. சன்னலருகே நின்று, கண்ணில் தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்: “அம்மா, எதிர்வீட்டு மாடு மேயுது; பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க; வெயில் அடிக்குது.” கேட்கக் கேட்க அவர் குரல் தெளிகிறது.